சும்மா கழற்றிப் பார்த்தவர்

பறவைகளில் மரங்கொத்தி இருப்பதைப் போல மனிதர்களில் 'கழற்றிப் பார்ப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. மரங்கொத்திக்காவது ஒரு மரம் வேண்டும். இவருக்குத் தலையில் பிளவு உள்ள ஒரு திருகாணி போதும். அதைக் கண்டதும் விரல் நமநமக்கும். திருப்புளி தேடுவார், அது கிடைக்காவிட்டால் கத்தி முனை, கத்தி இல்லாவிட்டால் நகவெட்டி, அதையும் வீட்டில் யாராவது ஒளித்து வைத்திருந்தால் சொந்த நகம். பொருள் ஓடுகிறதா இல்லையா என்பது அவருக்கு முக்கியமில்லை. உள்ளே என்ன இருக்கிறது? அது தெரிய வேண்டும். தெரிந்த பிறகு? பிறகு என் கடைக்கு வருவார்.

யாரோ சொல்லக் கேட்டு நான் இதை எழுதவில்லை. நாற்பத்தொன்பது வருடமாகப் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. ஆனால் டாக்டர், வக்கீல், பேராசிரியர் என்று, என் மேசைக்கு எதிரே கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "பிழைக்குமா?" என்று கேட்காத படிப்பாளி இந்த வட்டாரத்தில் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் கையால் நான் சம்பாதித்த பெருமையை வேறு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

பழைய கேமராவுக்கு வருகிற நோய்களில் ரொம்பச் சாதாரணமானது ஒன்று உண்டு. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அதைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்கிற ஆளைத் தெளிவாக்குகிறோம். அந்த வளையம் கரகரக்கும். உள்ளே ஒன்றுக்குள் ஒன்று சுற்றுகிற பித்தளை மரை. அதில் பூசிய கிரீஸ் வருடக் கணக்கில் காய்ந்து கோந்தாகி, தூசியும் சேர்ந்தால், திருப்பும்போது அம்மியில் மணலை அரைப்பது போலிருக்கும். அவ்வளவுதான். இது சாவு வியாதி இல்லை. சளி.

சாதாரண மனிதர், வளையம் கரகரத்தால் என்ன செய்வார்? கொஞ்சம் அழுத்தித் திருப்புவார். இல்லையென்றால் என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விடுவார். கழற்றிப் பார்ப்பவரால் அது முடியாது. முதலில் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விடுவார். ஒரு சொட்டு போதாது என்று தோன்றும். இன்னும் நாலு சொட்டு. அந்த எண்ணெய் போக வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். பிறகு சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரிப்பார். அந்த வீட்டில் உள்ளவர்களுக்கு அப்போதே தெரியும், இன்றைக்குச் சாப்பாடு தரையில்தான்.

அவர் என்னிடம் வரும்போது பேசுகிற பேச்சையும் கேளுங்கள். "சும்மா கழற்றிப் பார்த்தேன்." இதுதான் முதல் வாக்கியம். அதில் அந்தச் 'சும்மா' இருக்கிறதே, அது இல்லாமல் இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. அடுத்து, "நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா கையோட வந்துடுச்சு." அதற்கும் நான் வாய் திறக்கவில்லை என்றால், "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுன்னு நினைக்கிறேன்." கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி வெளியே வரும். உள்ளே ஒரு திருகாணி. "இது மிச்சம். கம்பெனிக்காரன் தெரியாம ஒண்ணு அதிகமா போட்டிருக்கான் போல."

நாற்பத்தொன்பது வருடத்தில் எந்தக் கம்பெனிக்காரனும் தெரியாமல் ஒரு திருகாணியை அதிகமாகப் போட்டதை நான் பார்த்ததில்லை. அவன் கஞ்சன்.

இந்த இனத்தின் தலைசிறந்த உதாரணமாக ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர் வேண்டாம், நாங்கள் அவரைப் பாலத்தார் என்போம். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர். அறுபத்தெட்டு வயது. அவர் கட்டிய பாலத்தில் இன்றைக்கும் லாரி போகிறது, ஒரு விரிசல் கிடையாது. பாலத்தை யாரும் அவர் கையில் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லாததுதான் காரணம் என்பது என் வீட்டுக்காரியின் கருத்து. கடையின் முன் மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவள் அவள். கருத்துகளும் அவள் துறைதான்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் கடை திறந்து விளக்கைப் போடுவதற்குள் பாலத்தார் உள்ளே வந்துவிட்டார். கையில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா.

"வாங்கண்ணா," என்றாள் வீட்டுக்காரி. "சாப்பாடா, கேமராவா?"

"கேமராதாம்மா. ஆனா வேலை எல்லாம் முடிஞ்சிடுச்சு. சும்மா இவர் ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

டப்பாவைத் திறந்தார். மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கேமரா. அவருடைய அப்பா வாங்கியது. நல்ல கேமரா. இப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும் என்று தெரியாமல் வாங்கியிருக்கிறார்.

"வளையத்தைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். வழுக்கிக்கொண்டு போனது.

"எப்படி?"

"பரவாயில்லை."

"பரவாயில்லையா? வெண்ணெய்ங்க அது! எழுபது வருஷமா கரகரன்னு இருந்தது. நாலு நாள்ல நான் பண்ணினேன்."

நான் லென்ஸை மூக்கருகே கொண்டு போனேன். ஸ்ட்ராபெர்ரி வாசனை.

"என்ன கிரீஸ் போட்டீங்க?"

"அது... மருமக உதட்டுக்குப் பூசுற களிம்பு. தரமானதுதான்."

முன் மேசையில் ஏதோ விழுந்தது. வீட்டுக்காரி சிரிப்பை அடக்கக் குனிந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

கண்ணை வைத்துக் கேமரா வழியாகப் பார்த்தேன். என் உள்ளங்கையை நீட்டினேன். ரேகை ரேகையாகத் தெரிந்தது. தலையைத் தூக்கினேன். ஒரு முழத்துக்கு அப்பால் உலகமே பஞ்சு. நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் என் மனைவி ஒரு மூட்டைப் பஞ்சு.

"இதுல எட்டிப் பார்த்தீங்களா?" என்றேன்.

அவர் டப்பா மூடியைத் துடைக்கத் தொடங்கினார். பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லென்ஸின் மரை பாட்டில் மூடி மரையைப் போல ஒரே வாய் உள்ளதல்ல. இந்த லென்ஸின் மரைக்கு ஆறு வாய், அதாவது ஏறத் தொடங்குகிற ஆறு இடம். எந்த வாயில் வைத்தாலும் சுகமாக உள்ளே ஏறும். அதுதான் அதன் சூழ்ச்சி. ஆறில் ஒன்றுதான் சரியான வாய். அதனால் கழற்றும்போது, இரண்டு துண்டும் பிரிகிற அந்த நொடியில் கையை நிறுத்தி, இதில் ஒரு கோடு, அதில் ஒரு கோடு, ஊசியால் கீறி வைத்துக்கொள்ள வேண்டும். வேலையே அது ஒன்றுதான். மற்றதெல்லாம் துடைப்பது.

"குறி வெச்சீங்களா?"

"வைக்காம இருப்பேனா? நான் இன்ஜினியருங்க!" நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு பக்கமும் அம்பு போட்டேன். பக்கத்துல தேதி. சுருக்கமா ஒரு கையெழுத்துகூட."

"எதால போட்டீங்க?"

"பென்சிலால. நல்லா கூர் சீவி."

"சரி. அந்த அம்பு இப்ப எங்கே?"

பாலத்தார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் பெட்ரோல்ல கழுவினேன்," என்றார் மெதுவாக.

"எப்படிக் கழுவினீங்க?"

"பல் விளக்குற பிரஷ் வெச்சு. ஓரத்துல ஏதோ கறுப்பா கோடு கோடா அழுக்கு இருந்துச்சு. அது மட்டும் போகவே இல்லை. அரை மணி நேரம் தேய்ச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு மனிதர் தன் வாயால் தன் குட்டை உடைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைத் தானே கேட்கிற முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் மாதம் இரண்டு தடவை பார்க்கிறேன். அலுக்கவில்லை.

"செல்போன்ல படம் எடுத்து வெச்சுக்கலையா அண்ணா?" என்றாள் வீட்டுக்காரி.

"எடுத்தேம்மா. பதினொரு படம்." காட்டினார். பதினொன்றிலும் அவருடைய கட்டைவிரல் மிகத் தெளிவாக இருந்தது.

பிறகு தீப்பெட்டி வந்தது. வளையம் எல்லை தாண்டிச் சுற்றாமல் நிறுத்துகிற திருகாணி. அதைப் பற்றிக் கம்பெனிக்காரனைக் குறை சொல்லக்கூட அவருக்கு அன்று தெம்பில்லை.

"திங்கட்கிழமை வாங்க," என்றேன்.

"ஐயோ, நாளைக்கு வேணும். நாளைக்கு அக்கா வராங்க."

அக்கா என்ற சொல்லைச் சொல்லும்போது அறுபத்தெட்டு வயது இறங்கி எட்டு வயதாகிவிட்டது. விஷயம் இதுதான். அக்காவுக்கு எழுபத்தொன்பது. தொலைவில் மகள் வீட்டில் இருக்கிறார். இதுதான் கடைசிப் பயணம், இனிமேல் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அப்பா கேமராவில் என்னை ஒரு படம் எடு, சின்ன வயதில் அப்பா எடுத்தது மாதிரி. தொலைபேசியை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாராம்: "அதுவரைக்கும் அதைத் தொடாதே."

ஏன் அப்படிச் சொன்னார் தெரியுமா? அக்காவின் பெரிய பரீட்சைக்கு முந்தின நாள், எட்டு வயதுத் தம்பி அலாரம் கடிகாரத்தைச் சும்மா கழற்றிப் பார்த்திருக்கிறான். மறுநாள் அது அடிக்கவில்லை. அக்கா தலை வாராமல் தெருவில் ஓடியிருக்கிறார். இந்தக் கதை அந்தக் குடும்பத்தில் யார் ஒன்றுகூடினாலும் ஒரு தடவை சொல்லப்படும்.

"இந்த ஒரு தடவை அவங்க வாயால 'சரியா பண்ணிருக்கே'ன்னு கேட்கணும்னு பார்த்தேன்," என்றார் பாலத்தார். "அதான் கரகரப்பை எடுத்துடலாம்னு..."

நான் விளக்கை இழுத்துக்கொண்டேன். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டினேன். சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்: நான் வேலைக்கு உட்கார்ந்தால் பார்க்கவே அழகாக இருக்கும் என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ட்ராபெர்ரியைத் துடைத்தேன். மரையைப் பிரித்தேன்.

"கையை மடியில வைங்க," என்றேன்.

"நான் ஒண்ணும் தொடலையே."

"உங்க கை என் திருப்புளிகிட்ட வந்துகிட்டே இருக்கு."

கையை மடியில் வைத்தார். வாய் சும்மா இருக்குமா? "ஆறுல ஒண்ணு சரின்னா, கணக்குப்படி சராசரியா மூணரைத் தடவை மாட்டிப் பார்க்கணும்."

"அந்த அரைத் தடவையை எப்படிங்க மாட்டுறது?"

அதற்குப் பிறகு கணக்குப் பேசவில்லை. நான் ஒரு வாயில் ஏற்றி, லென்ஸை மாட்டி, வாசலுக்குப் போய்த் தெருக்கோடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன். பஞ்சு. திரும்ப வந்து அடுத்த வாய். இன்னும் பெரிய பஞ்சு. பாலத்தார் ஒவ்வொரு தடவையும் என் பின்னாலேயே வாசலுக்கு வந்து, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவரைப் போல, "என்ன?" என்பார். நான்காவது தடவை தொட்டியின் இரும்பு ஏணியில் படிகளை எண்ணினேன். பதினேழு. கூடவே மேல் படியில் ஒரு காக்கை, வாயில் ஒரு குச்சி.

நிறுத்தத் திருகாணியை அதன் வீட்டில் சேர்த்தேன். கேமராவுக்கு உள்ள கிரீஸை, கேமராவுக்கு வேண்டிய அளவு பூசினேன். வளையத்தைத் திருப்பினால் எண்ணெய்க் குளியல் முடிந்த பூனை மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது. பாலத்தார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீங்களும் நாளைக்கு வந்துடுங்க," என்றார். "நடுவுல ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நீங்க தொடாம இருந்தா ஒண்ணும் ஆகாது."

"அதான் வரச் சொல்றேன்."

போனேன். என் வேலையை ஒருவர் புகழ்கிற இடத்துக்குப் போக எனக்கு எப்போதும் நேரம் உண்டு.

அவர் வீட்டு மாடி அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். குருவி உடம்பு; குரல் மட்டும் ஏழு பேருக்கு வரும். சுற்றிலும் பாலத்தாரின் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். பாலத்தார் கேமராவை நீட்டினார்.

"தொட்டியாடா?" அதுதான் முதல் கேள்வி.

"முதல்ல பாருக்கா."

அவர் வாங்கி, வளையத்தைத் திருப்பினார். முகம் மாறியது. காதருகே வைத்துக்கொண்டு மறுபடி திருப்பினார்.

"அப்பா கேமரா எங்கே?"

"இதுதான்க்கா."

"இது இல்லை. அது சத்தம் போடும்."

"அந்தக் கரகரப்பைத்தான்க்கா சரி பண்ணியாச்சு."

"யார் பண்ணினது?"

பாலத்தார் என்னைப் பார்த்தார். 'நாளைக்கு வேணும்' என்று சொன்னபோது பார்த்தாரே, அதே பார்வை. அந்தக் கேமராவில் நான் பூசிய கிரீஸ், நான் கண்டுபிடித்த வாய், நான் எண்ணிய பதினேழு படி. நாற்பத்தொன்பது வருடத்தில் என் வேலையை இன்னொருவர் பெயரில் எழுதியதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது என் நாக்கு என்னைக் கேட்காமல் புரண்டது.

"ஐயாதாம்மா பண்ணினார்," என்றேன். "நான் சும்மா பக்கத்துல இருந்தேன்."

"அப்ப கெடுத்தது நீதான்!" என்றார் அக்கா தம்பியிடம். "எனக்குத் தெரியும்!"

என் ஆயுளில் தற்பெருமை பேசாததால் நான் தப்பித்தது அந்த ஒரு நாள்தான்.

அக்கா விடவில்லை. "வாங்கின வாரமே கடற்கரையில மணல்ல போட்டுட்டார் அப்பா. அன்னையிலேருந்து அது கரகரன்னுதான் இருக்கும். அப்பா படம் எடுக்கும்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிமிர்ந்து நில்லுன்னுகூடச் சொல்ல மாட்டார். அந்தச் சத்தம் வந்தா நாங்க நிமிருவோம். சத்தம் நின்னா மூச்சைப் பிடிப்போம். இப்ப நான் எதைக் கேட்டு நிமிருறது?"

பாலத்தாரின் கழுத்து சட்டைக்குள் இறங்கியது. என் கழுத்தும்தான். மணலை எடுத்தது அவர். ஆனால் எஞ்சியிருந்ததைத் துடைத்து முடித்தது நான்.

"சரி, எடு," என்றார் அக்கா.

எடுத்தார். அக்கா மருமகளிடம் புடவையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது படத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மூன்றாவதில் கண்ணாடியைத் துடைத்தார். "எடுத்தியா? எப்ப எடுத்தே? சொல்ல மாட்டியா?" என்று ஒவ்வொரு தடவையும் கோபம். வெண்ணெய் மாதிரி ஓடுகிற வளையம், என் வேலை, ஒரு துளி சத்தமில்லை. அந்த வழவழப்பு அன்று எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒன்பது படம் போயிற்று. அக்கா களைத்துப்போனார். "போதும்டா," என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார்.

பாலத்தார் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. வளையத்தைப் பிடித்தார். மெல்லத் திருப்பத் தொடங்கினார். திருப்பிக்கொண்டே, பாலம் கட்டிய இன்ஜினியர், பேரன் பேத்திகளுக்கு முன்னால், தொண்டையின் அடியிலிருந்து,

"கர்ர்ர்ர்... கர்ர்... கர்ர்ர்ர்..."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழப் போனவர் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியிலிருந்து விலகி நிமிர்ந்தது. இரண்டு கையும் மடியில் வந்து ஒன்றன் மேல் ஒன்று அமர்ந்தன. முகவாய் ஒரு விரல்கடை உயர்ந்தது.

"கர்ர்," என்று நிறுத்தினார் தம்பி.

அக்கா மூச்சைப் பிடித்தார்.

கிளிக்.

அந்தப் படத்தின் ஒரு பிரதி என் கடைச் சுவரில் இருக்கிறது, வந்து பாருங்கள். ஒவ்வொரு இமை முடியையும் தனியாக எண்ணலாம். அது நான். அந்த முகத்தில் எழுபத்தொன்பது வயது எங்கே போனதென்று தெரியவில்லையே, அதில் எனக்குப் பங்கில்லை. ஊருக்குக் கிளம்பும்போது அக்கா தம்பியின் காதைப் பிடித்துத் திருகி, "இதுலயாவது சரியா பண்ணினே," என்றாராம். பாலத்தார் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் மறுபடி வந்தார். அதே எவர்சில்வர் டப்பா, கொஞ்சம் தயக்கம்.

"அக்கா ஊருக்குப் போகும்போது கைக்கடிகாரத்தை மேசையில மறந்து வெச்சுட்டாங்க. அனுப்பிடலாம்னுதான் எடுத்தேன். ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் மெதுவா ஓடுச்சு. அதான் சும்மா..."

டப்பாவுக்குள் பார்த்தேன். ரவை சிந்தினாற்போலச் சக்கரங்கள்.

"குறி வெச்சீங்களா?"

"ஊசியால கீறி வெச்சேன்!" என்றார் பெருமையாக. "ஆனா கீறின மூடி எங்கே போச்சுன்னுதான் தெரியலை."

நான் கடிகாரம் பார்க்கிறவன் இல்லை. என் கை அதற்குப் பழகியதே இல்லை. அடுத்த தெருவிலேயே கடிகாரக்காரர் இருக்கிறார், அங்கே போங்கள் என்று சொல்வதுதான் நியாயம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வெச்சுட்டுப் போங்க," என்றேன். "சும்மா கழற்றிப் பார்க்கிறேன்."

முன் மேசையில் மறுபடி ஏதோ விழுந்தது. "நம்ம வீட்டு மிக்ஸியைக் கழற்றி வெச்சு எட்டு மாசம் ஆகுது," என்றாள் வீட்டுக்காரி, குனிந்த நிலையிலேயே. "அதையும் எப்பவாவது சும்மா மாட்டிப் பாருங்க."

நீங்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய சீட்டுகளையும் தீர்ந்துபோன பேனாக்களையும் ஒதுக்கிவிட்டு, மூலையில் பாருங்கள். ஒரு திருகாணி கிடக்கும்.

அது எதிலிருந்து வந்தது?

முக்காலி காலியாகத்தான் இருக்கிறது. வாருங்கள். டப்பாவை மட்டும் கழுவிக்கொண்டு வாருங்கள்.